இருவர் அஞ்சல்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
08.10.2023

அண்ணை,

உன்னுடைய அழைப்பு ஒன்றையும் நான் எடுக்கப் போவதில்லை. கைபேசியைக் காதில் வைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். நான் உன்னிடம் கேட்க வேண்டியதை அவர் கேட்கக் கூடாது. அதோடு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் என் கைபேசியை வாங்கிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் தந்தார்கள். இனியும் வாங்குவார்கள். அதனால் கடிதம். விலாசத்தைப் பிரான்சில் இருக்கிற சித்தியிடம் வாங்கினேன்.

அந்தக் காலையில் நடந்ததை எழுதுகிறேன். நீ அங்கே இருக்கவில்லை, உனக்குத் தெரியாது.

அந்தப் பிரெஞ்சுக் கடல் நன்றாகக் குளிர்ந்தது. முதல் மிதவை வரைக்கும் மூச்சு வரவில்லை. பிறகு உடம்பு பழகிவிட்டது. கடைசி மிதவையைச் சுற்றும்போது பார்த்தேன், எனக்கு முன்னால் ஒரு சிலருடைய தொப்பிகள்தான் தெரிந்தன. உலகச் சாம்பியன்ஷிப்பில், அண்ணை, எங்களுக்கு முன்னால் ஒரு சிலர்தான். கரையேறிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். உன் கையைத் தொட்டுவிட்டால் போதும், மிச்சத்தை நீ நீந்தியும் ஓடியும் பிடித்துவிடுவாய் என்ற ஒரே எண்ணம்.

கைமாற்றும் இடத்தில் நாட்டுக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். எங்கள் கோட்டில் உன் சப்பாத்து சோடியாக இருந்தது. நீச்சல் கண்ணாடியைச் சப்பாத்துக்குள் வைத்திருந்தாய். உன்னைத்தான் காணவில்லை.

நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த பெண்கள் தங்கள் சோடியின் கையைத் தொட்டுவிட்டு நிலத்தில் விழுந்து படுத்தார்கள். ஆண்கள் கடலுக்குப் பாய்ந்தார்கள். கடைசி நாட்டுக்காரியும் தொட்டு முடிந்தபிறகு ஒரு வெள்ளைக்கார மனிசி வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எங்களைப் பழக்கிக் கொண்டுவந்த சுபாஸ் மாஸ்டர், கழிப்பறைக் கதவுகளைத் தட்டிக்கொண்டு திரிந்தார்.

"எங்கை போட்டான்?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

"தெரியாது மாஸ்டர்."

"கடலுக்கை இறங்கினவனே? நெஞ்சு நோகுதெண்டு ஏதும் சொன்னவனே?"

அவர் அப்படிக் கேட்டபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மீட்புப் படகை இறக்கித் தேடினார்கள். நீ கடலில் தாண்டு செத்துப்போய்விட்டாய் என்று நான் கரையில் இருந்து குழறினேன். பின்னேரம்தான் பொலிஸ் வந்து சொன்னது, ரயில் நிலையத்துக் கமராவில் நீ இருக்கிறாயாம். சாதாரண உடுப்பு, முதுகில் பை. நான் கையை நீட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் நீ ரயிலுக்கு நின்றிருக்கிறாய்.

நீ போனதற்குக் கோபமில்லை. உன்னோடு ஓடிய கோகுலன் பொலிஸில் செத்தபிறகு நீ எப்படி இருந்தாய் என்று ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியும். முதல் நாள் போயிருக்கலாம். போட்டி முடிந்தபிறகு போயிருக்கலாம். எல்லாருடைய கண்ணும் என்மேல் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாய். ஏன் என்று மட்டும் எழுது.

ஸ்ரெல்லா


லா கூர்நெவ்,
பிரான்ஸ்.
02.11.2023

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைச் சித்திதான் கொண்டுவந்து தந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னவாம்?" என்றார். "எல்லாரும் சுகமாம்" என்றேன்.

முதல் நாள் போக முடியாது. அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர். கடைக்குப் போனாலும் முகாமையாளர் ஆள் சேர்த்துத்தான் அனுப்புவார். போட்டி முடிந்தால் ஈரத்தோடு பஸ்ஸில் ஏற்றி விமான நிலையம். எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு இருந்தது. நீ அந்த நேரத்தில் நீந்தினாய் என்பது என் பிழையில்லை என்று எழுதப் பார்த்தேன். எழுதினால் பொய்யாக இருக்கிறது. பெண்கள்தான் முதலில் இறங்குவார்கள் என்று எனக்கு முதலே தெரியும்.

கடைசி மிதவை வரைக்கும் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஸ்ரெல்லா. நீ முன்னுக்கு வந்துகொண்டிருந்தாய். அவ்வளவு முன்னுக்கு வருவாய் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் போயிருக்க மாட்டேன். அதனால் திரும்பி நடந்தேன்.

உனக்கு ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் கட்டுநாயக்காவில் நீ பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். உனக்குப் பொய் வராது.

கோகுலனைப் பற்றி நான் உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் அரியாலை வீதியில் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தோம். அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார்கள். எங்கேயோ சங்கிலி அறுத்தவன் ஓடியிருக்கிறான், ஆகவே ஓடுகிறவனெல்லாம் கள்ளன். பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு அறையிலும் அவனைப் பக்கத்து அறையிலும் வைத்தார்கள். அவனுடைய சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. சத்தம் நின்றதும் அவனை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் சந்தோசப்பட்டேன். அதை நான் மரண விசாரணையில் நீதவானிடம் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன்.

சாட்சி சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் வேவு பார்க்க ஆள் நின்றதை நீயும் கண்டாய். நீ காணாதது ஒன்று இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒருவன் என் மேசைக்கு வந்து இருந்தான். நல்ல மரியாதையான ஆள். "தம்பி நல்லா நீந்துவீராம். நீந்தத் தெரிஞ்சவையும் தாழுறவை தானே" என்றான். என் தேத்தண்ணிக்கும் அவனே காசு குடுத்துவிட்டுப் போனான்.

இங்கே அகதி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கைவிரல் பதிந்தார்கள். கால்வாய்க் கரையில் ஓடுவதற்கு நல்ல பாதை இருக்கிறது. ஒரு நாள் போனேன். பின்னால் யாரோ ஓடிவருகிற காலடி கேட்டது. நின்றுவிட்டேன். ஒரு கிழவர், தன்பாட்டில் என்னைக் கடந்து போனார். அதன்பிறகு நான் ஓடப் போனதில்லை.

அம்மாவைக் கவனி.

ஜெரிசன்


குருநகர்,
21.01.2024

அண்ணை,

ஏன் என்று கேட்டேன், எழுதினாய். "இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் போயிருக்க மாட்டேன்" என்ற வரியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம்.

அப்பாவை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கரைக்கு வந்து, வலையில் மீன் தட்டிக்கொண்டிருந்தவரைச் சாரத்தோடேயே ஏற்றினார்கள். பின்னேரம் விட்டார்கள். அடிக்கவில்லையாம். வாங்குப் பலகையில் இருத்தி வைத்து ஒரே கேள்வியை ஆளுக்காள் வந்து கேட்டார்களாம்.

"மகன் என்னத்துக்குப் போனவன்?"

"அவனைத்தான் கேக்கோணும், ஐயா."

அப்பா சிரித்துக்கொண்டுதான் எங்களுக்குச் சொன்னார். பிறகு பல நாள் அவர் தொழிலுக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை.

உனக்கு வாழ்நாள் தடை போட்டிருக்கிறார்கள், அறிந்திருப்பாய். எனக்கும் தடைதான் வந்தது. வடக்கில் இருந்து இனி ஒருவரையும் எடுப்பதில்லை என்று கொழும்பில் கதைக்கிறார்களாம். மாஸ்டரிடம் பழக வந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். எங்கள் படகுத் துறையில் இருந்து மண்டைதீவுப் பக்கமாக எத்தனை பேர் நீந்துவோம். இப்போது காலையில் நானும் மாஸ்டரின் தோணியும்தான்.

மாஸ்டர் என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதைக்கச் சொன்னார்கள், கதைத்தேன். என் தடையை எடுத்துவிட்டார்கள். இனித் தனியாள் போட்டியில் மட்டும் நிற்பேன். அஞ்சல் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்ரெல்லா


லா கூர்நெவ்,
14.04.2024

அன்புள்ள ஸ்ரெல்லா,

தடை எடுபட்டது நல்ல செய்தி. சித்தி மெழுகுதிரி கொளுத்தினார். நீ தோளை இன்னும் கொஞ்சம் உருட்டி நீந்த வேண்டும், இடது கை தண்ணியில் குறுக்கே வெட்டுகிறது. இதைச் சொல்ல எனக்கு இனி உரிமை இல்லைத்தான்.

என் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். விசாரித்தவர் ஒரு இளம் பெண். நல்லவர், நான் அழுதபோது தண்ணி தந்தார். பிறகு ஒரு படத்தை மேசையில் வைத்தார். போட்டிக்கு முதல் நாள் அணிவகுப்பில் எடுத்த படம். நெஞ்சில் சிங்கம், கையில் கொடி, பக்கத்தில் நீ.

"உங்களைக் கொல்ல நினைக்கும் அரசு ஏன் உங்களுக்குத் தன் கொடியைத் தந்து விமானத்தில் ஏற்றி அனுப்பியது?" என்று கேட்டார்.

அரசு என்பது ஒரு ஆள் இல்லை, கொடி தருகிறவன் வேறு, தேத்தண்ணிக் கடைக்கு வருகிறவன் வேறு என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கமாகச் சொன்னார். எனக்கே கேட்க வேடிக்கையாக இருந்தது.

"இந்தப் படத்தில் ஏன் சிரிக்கிறீர்கள்?" என்றும் கேட்டார். நீ ஏதோ பகிடி சொன்னாய் என்று நினைக்கிறேன்.

மேல்நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. அங்கே போட்டிருக்கிறோம். ஊரில் கண்ட ஒருவருடைய சாட்சி வேண்டும் என்று என் வழக்கறிஞர் சொல்கிறார். அப்பாவைக் கேட்க முடியாது, திரும்பவும் வாங்கில் இருத்துவார்கள். நீ ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப வேண்டும். ஒழுங்கையில் ஆள் நின்றது, அப்பாவைக் கொண்டுபோனது, நீ கண்டது மட்டும் போதும். ஒரு சொல்லும் கூட்டத் தேவையில்லை.

உன்னிடம் இதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். வேறு ஆள் இல்லை.

ஜெரிசன்


குருநகர்,
30.06.2024

அண்ணை,

முடியாது.

என்னை இந்த வருட உலகச் சாம்பியன்ஷிப்புக்கு எடுத்திருக்கிறார்கள். ஸ்பெயினில். அதற்காக மட்டும் மறுக்கிறேன் என்று நினைக்காதே. தியாகராசா சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். கோகுலனின் அம்மாவுக்காக அந்த வழக்கில் நிற்கிறவரைத் தவிர நான் வேறு யாரைக் கேட்பது. முழுவதையும் கேட்டுவிட்டு, "பிள்ளை, எழுதினால் கொண்ணை ஜெரிசனுக்கு உதவும் எண்டு என்னாலை சொல்லேலாது. எழுதினால் உம்மடை வீட்டுக்குத் திரும்ப வருவினம் எண்டு சொல்லுவன்" என்றார்.

போகும்போது அவரும் ஒரு கேள்வி கேட்டார். "ஜெரிசன் எப்ப வருவார்? அவரை விட்டால் எனக்கு வேறை சாட்சி இல்லை."

வெளியே கோகுலனின் அம்மா இருந்தார். அவரும் அதையேதான் கேட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சத்தியக் கடதாசி முடிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை இப்போது எழுத மாட்டேன்.

ஸ்ரெல்லா


லா கூர்நெவ்,
19.11.2024

ஸ்ரெல்லா,

அந்த இன்னொரு காரணத்தை நான் பார்த்துவிட்டேன்.

மேல்நீதிமன்றத்தில் என் முறை வந்தது. மூன்று நீதிபதிகள், ஒரு மொழிபெயர்ப்பாளர், நான், என் வழக்கறிஞர். சித்தி பின்னால் இருந்தார். நான் கோகுலனைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை சத்தம் நின்றதும் சந்தோசப்பட்டதையும் சொன்னேன். நடுவில் இருந்த நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நம்புகிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு திரையில் கொழும்புச் செய்தி ஒன்றைப் போட்டார்கள். அதில் நீ இருந்தாய்.

மேசை, அதில் நிறைய மைக். நீ அணிச் சட்டை போட்டிருந்தாய். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாய், எனக்கு அது தெரியாது. உன் குரலை ஒரு வருடமாக நான் கேட்கவில்லை. அது அந்த அறையில் கேட்டதும் முதலில் எனக்கு என்ன சொல்கிறாய் என்றே விளங்கவில்லை, குரல் மட்டும்தான் கேட்டது. அண்ணையை ஒருத்தரும் வெருட்டேல்லை, அவர் வேலைக்குத்தான் போனவர், நாட்டுக்குச் செய்தது பிழை, நான் மன்னிப்புக் கேக்கிறன். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வசனமாகப் பிரெஞ்சில் சொன்னார். என்னுடையதைச் சுருக்கினவர் உன்னுடையதில் ஒரு சொல்லும் விடவில்லை.

"இது உங்கள் சகோதரியா?" என்று கேட்டார்கள்.

"ஓம்" என்றேன்.

"அவர் பொய் சொல்கிறாரா?"

என் வழக்கறிஞர் என் கையைப் பிடித்தார். ஆம் என்று சொல், வற்புறுத்திச் சொல்லவைத்தார்கள் என்று சொல் என்பதுதான் அந்தப் பிடி. அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்து இருந்தாய். கண் சிமிட்டவில்லை. எனக்கே ஒரு கணம், நான் வேலைக்குத்தான் வந்தேனோ என்று பட்டது.

சொல்லத் தாமதமாகிவிட்டது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

உனக்குப் பொய் வராது என்று ஒருமுறை எழுதினேன். பிழையாக எழுதிவிட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஸ்பெயினில் என்ன நடந்தது? பெறுபேறுகளில் உன் பெயரைத் தேடினேன். இல்லை.

ஜெரிசன்


குருநகர்,
05.01.2025

அண்ணை,

ஸ்பெயினுக்கு நான் போகவில்லை. விசா தரவில்லை. அணியில் மற்ற எல்லாருக்கும் கிடைத்தது. கொழும்பில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை என் கடவுச்சீட்டோடு ஒரு தாளைச் சேர்த்துத் தந்தாள். இவர் திரும்பிவருவார் என்பதில் திருப்தி இல்லையாம். "உங்கடை குடும்பத்திலை ஒராள் போட்டிக்குப் போய் நிண்டவர் எண்டு இருக்குது" என்று மெதுவாகச் சொன்னாள். தமிழ்ப் பிள்ளை. அவளுக்கும் கவலையாகத்தான் இருந்தது.

மாஸ்டர் வெளியே வெயிலில் நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோ பிடிக்கப் போனார்.

அந்த மேசையைப் பற்றி எழுதியிருக்கிறாய். உள்ளே போகமுன் மாஸ்டர் சொன்னார், "உன்னை இதைத்தான் சொல்லச் சொல்லீனம். சொன்னால் உன்ரை அப்பாவை இனிக் கூப்பிடமாட்டினமாம். தடையும் எடுபடும். நான் சொல்லு எண்டும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை" என்று. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவுக்காகச் சொன்னேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அது உண்மைதான். திரும்பவும் போட்டிக்குப் போக ஆசைப்பட்டேன், அதுவும் உண்மைதான். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கைமாற்றும் இடத்தில் நின்ற கோபமும் கொஞ்சம் இருந்திருக்கும். அது பிரான்சில் ஒரு நீதிமன்றம் வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஊர்ச் செய்திக்காரர் இரண்டு பேர் போடுவார்கள், மறந்துபோவார்கள் என்று நினைத்தேன்.

அப்பாவை அதன்பிறகு கூப்பிடவில்லை. அவர்கள் சொன்னதில் பயன்பட்ட ஒன்று அது மட்டும்தான்.

பயிற்சியை விட்டுவிட்டேன். போட்டி எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். எனக்குக் கதவு பூட்டியாயிற்று. பிறகு எதற்கு மாஸ்டரைத் தோணியில் ஏற்றி விடியப்புறத்தில் குளிரவைப்பது. இப்போது நண்டுக் கம்பனியில் வேலை, சதை பிரித்துப் பெட்டியில் அடைக்கிறது. அந்த நண்டு விசா இல்லாமல் எல்லா நாட்டுக்கும் போகிறது என்று அங்கே ஒரு அக்கா சொல்லிச் சிரிப்பார்.

நீ அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருக்கலாம். நான் பொய்தான் சொன்னேன். நீ சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஸ்ரெல்லா


பாரிஸ்.
23.03.2025

ஸ்ரெல்லா,

முடிவு வந்துவிட்டது. இல்லை என்று. நாட்டைவிட்டு வெளியேறும்படி ஒரு கட்டளையும் அதோடு வந்தது. பொலிஸ் சித்தி வீட்டைத் தேடி வரக்கூடும் என்பதால் அங்கே இருந்து வெளிக்கிட்டுவிட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடையின் கீழறையில் கோப்பை கழுவுகிறேன், அதற்குமேல் ஒரு அறையில் ஆறு பேரோடு படுக்கிறேன். கடிதத்தைச் சித்தி விலாசத்துக்கே போடு, யாராவது கொண்டுவந்து தருவார்கள்.

இங்கே எங்கள் ஆட்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறார். ரயிலில் பரிசோதகரைக் கண்டால் மறுபக்கத்தால் இறங்குவதை எனக்குப் பழக்கினார். இதுவும் ஒரு பயிற்சிதான்.

கோகுலனின் வழக்கு எப்போது வருகிறது? இதை நெடுநாளாகக் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. எப்படியும் என்னைப் பிடித்து அனுப்பத்தான் போகிறார்கள் என்றால், நானாகவே வந்து அவனுக்காக ஒருமுறை கூண்டில் ஏறிச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது. பிறகு நடப்பது நடக்கட்டும். வருவதற்குப் பயணப் பத்திரம் எடுக்க வேண்டும், அதற்கு எங்கள் தூதரகத்துக்குப் போக வேண்டும். போன கிழமை போனேன். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். கொடி பறந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவன் என்னைப் பார்த்தான், நான் பஸ்ஸுக்கு நிற்கிறவன்போல் திரும்பிக்கொண்டேன். ஒரு பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

திகதி தெரிந்தால் எழுது. திரும்பவும் போய்ப் பார்க்கிறேன். உள்ளே போவேன் என்று உறுதி சொல்ல முடியாது.

ஜெரிசன்


குருநகர்,
15.06.2025

அண்ணை,

திகதி எனக்குத் தெரிந்திருந்தது. உன் கடிதம் வந்தபோதே தெரியும். எழுதவில்லை.

அன்று கம்பனியில் லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். கோகுலனின் அம்மா முன் வாங்கில் இருந்தார். என்னைக் கண்டதும் தள்ளி இருந்து இடம் தந்தார். அவருடைய மடியில் ஒரு பை இருந்தது. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கோகுலன் ஓட்டத்தில் எடுத்த பதக்கங்களைக் கொண்டுவருவாராம். ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது நான் எழும்பிவிட்டேன். நீதவான் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் யார்?"

"தங்கச்சி, ஐயா."

"சாட்சி எங்கே?"

"வெளிநாட்டிலை."

"அவர் வருவாரா? நான் இந்த வழக்குக்கு எத்தனை தவணை குடுத்துவிட்டேன் என்று சட்டத்தரணிக்குத் தெரியும். வருவார் என்றால் இன்னும் ஒன்று தரலாம்."

தியாகராசா சட்டத்தரணி என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கியது. எதிர்ப்பக்கத்தில் அந்தப் பொலிஸ்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் இளம் ஆள், தலையைக் குனிந்து கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ அந்தத் தூதரகத்துக்கு எதிரே நிற்பதை நினைத்தேன். வருவார் என்று நான் சொன்னால், ஒரு நாள் நீ அந்த வீதியைக் கடந்து உள்ளே போய்விடுவாய். உன்னை எனக்குத் தெரியும். கட்டுநாயக்காவில் இறங்குவாய். அந்த வழக்கு நாளுக்கு முன் ஏதாவது ஒரு நாள் எங்கள் துறையில் உன்னைக் கண்டெடுப்பார்கள். நல்லா நீந்துகிறவன், என்ன நடந்ததோ தெரியாது என்று எழுதுவார்கள்.

"வரமாட்டார், ஐயா" என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் கெதியாக நடந்தது. ஆங்கிலத்தில் கதைத்தார்கள். பொலிஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் கை குடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று தியாகராசா சட்டத்தரணி வெளியே வந்துதான் எங்களுக்குச் சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கோகுலனின் அம்மாவும் நானும் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம். அவருக்கு வெயில் தாங்காது என்று கடை நிழலாகக் கூட்டிக்கொண்டு போனேன். அரியாலைப் பக்கம் போகும் பஸ் நின்றது. ஏறமுன் சொன்னார்.

"வருவான் எண்டு சொல்லியிருக்கலாம், பிள்ளை."

"அது பொய்யம்மா."

"பொய்யெண்டால் என்ன. எனக்கு இன்னுமொரு தவணை இருந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி, யன்னலோரம் இருந்தார். பஸ் எடுக்கும்வரை நான் கீழே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா எழும்பிக் கரைக்குப் போய்விட்டார். அம்மா கொஞ்ச நேரம் இருந்து யோசித்துவிட்டு, "வழக்கில்லையெண்டால் அவனை இனி என்னத்துக்குத் தேடப் போயினம்? அவன் பயமில்லாமல் வரலாம் தானே?" என்று கேட்டார். முகத்தில் சந்தோசம்கூட இருந்தது.

அம்மா சொல்வது சரி. நீ வரலாம், அண்ணை. உன்னை இங்கே இனி ஒருவரும் தேடப் போவதில்லை.

ஸ்ரெல்லா